மலையின் குற்றமா, உணவின் குற்றமா?



பிள்ளை வயதுக்குத் தக்கபடி வளராவிடில், நம்மவர் அதற்கு மூன்று காரணங்களை ஆயத்தமாக வைத்திருக்கின்றனர். "எங்கள் வம்சமே குட்டை" என்பது ஒன்று. "மைசூர்த் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை" என்பது மற்றொன்று. "பல் முளைக்கிற காலம், அப்படித்தான் இருக்கும்" என்பது மூன்றாவது. இம்மூன்றும் சொல்வதற்கு எளியவை, செலவில்லாதவை, யார்மீதும் பழி சுமத்தாதவை. ஆகவேதான் தலைமுறை தலைமுறையாக நிலைத்து நிற்கின்றன. ஆயினும் இவை மெய்தானா என்று ஆராய்ந்து பார்க்கவேண்டியது பெற்றோராகிய நம் கடமையன்றோ? இத்திங்கள் அதனையே எடுத்துக்கொள்வோம். நாம் வைத்தியர் அல்லோம். ரெயில்வே அலுவலகத்தில் கணக்கெழுதும் குமாஸ்தா. படித்ததையும் கேட்டதையும் கண்டதையும் கூட்டிக் கழித்துச் சொல்வதே நம்மால் இயல்வது.

இதற்கான சான்றைத் தேடி முதலில் இமயத்துக்கு அப்பால் செல்லவேண்டும். பிறகு பைலகுப்பே வழியாக நம் ஹெப்பாளுக்கே திரும்பி வந்துவிடலாம்.

உலகத்தின் கூரை என்று திபெத்தைச் சொல்வார்கள். அங்குள்ள சிற்றூர்களிற் பல கடல் மட்டத்துக்கு மேல் 4000 மீட்டர் உயரத்தில் இருக்கின்றன. நம் உதகமண்டலத்தின் உயரமே ஏறத்தாழ 2240 மீட்டர்தான் என்றால், அவ்வூர்களின் குளிரையும் காற்றின் மென்மையையும் நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். அங்கே குழந்தைகள் உருவிற் சிறியவர்களாய் இருப்பதைப் பலரும் கண்டனர். கண்டவர்கள் கூறிய காரணமும் எளிதாகவே இருந்தது: "மலை மக்கள், பிராணவாயு குறைந்த காற்று, உடம்பு அதற்கேற்பச் சிறுத்துவிட்டது." மலையின்மேல் பழியைப் போட்டாயிற்று. மலை என்ன மறுத்தா பேசப் போகிறது?

அந்தக் காரணத்தை அப்படியே ஏற்றுக்கொள்ளாமல் அளந்து பார்க்கத் துணிந்தவர் நான்சி ஹாரிஸ் என்ற மருத்துவ அம்மையார். அவரும் அவருடைய குழுவினரும் திபெத்தின் பல மாவட்டங்களில், ஏழு வயதுக்கு உட்பட்ட 2078 குழந்தைகளை உயரம் அளந்து, எடை போட்டு, உடலைப் பரிசோதித்தனர். அதன் முடிவு 2001ஆம் ஆண்டில் 'நியூ இங்கிலாந்து மருத்துவ இதழ்' என்னும் புகழ்பெற்ற ஏட்டில் வெளியாயிற்று. நூற்றுக்கு ஐம்பத்தொரு குழந்தைகள் வயதுக்குரிய வளர்ச்சியை எட்டாமல் குன்றியிருந்தனர். நூற்றுக்கு அறுபத்தாறு பேரிடம் ரிக்கெட்ஸ் என்னும் எலும்பு மென்மை நோயின் அறிகுறிகள் காணப்பட்டன. வயிறு உப்பியிருந்தது, தலைமயிர் நிறம் மாறியிருந்தது, தோலில் புண்கள் இருந்தன. அவர்கள் வாழ்ந்தது ஊரா, வயல்வெளியா, மேய்ச்சல் நிலமா என்னும் வேறுபாட்டைக் கணக்கிற் கொண்டபின், மலையின் உயரத்துக்கும் குழந்தையின் குறுகலுக்கும் தொடர்பு தெரியவில்லை என்று அக்குழுவினர் எழுதினர். குற்றவாளி போஷாக்குக் குறைவே என்பது அவர்களுடைய தீர்ப்பு.

நேர்மையாக இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். மிக உயர்ந்த இடத்தில் வாழ்வது வளர்ச்சியைச் சிறிது குறைக்கக்கூடும் என்று, பல நாட்டுக் குழந்தைகளின் அளவுகளை ஒப்பிட்டு 2020ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு கூறுகிறது. இருக்கலாம். ஆனால் உயரம் சிறிது குறைவது வேறு. பாதிக் குழந்தைகள் எலும்பு வளைந்து, வயிறு உப்பி நிற்பது வேறு. மலை எலும்பை வளைப்பதில்லை.

அப்படியானால் வளைத்தது எது? இங்கே தாய்மார்கள் சற்று ஊன்றிக் கவனிக்க வேண்டுகிறோம். திபெத்துக் குழந்தை பிறக்கும்போது மிகவும் குன்றியதாய்ப் பிறப்பதில்லை. முதல் பன்னிரண்டு மாதத்துக்குள்தான் அதன் வளர்ச்சி சரசரவென்று சரிந்துவிடுகிறது. அந்த ஓராண்டில் நடப்பதென்ன? குளிருக்கு அஞ்சிக் குழந்தையைத் துணியாலும் தோலாலும் சுற்றிச் சுற்றி வைக்கின்றனர். மேனியில் வெயில் படுவதில்லை; வெயில் படாத மேனியில் 'டி' என்னும் உயிர்ச்சத்து உண்டாவதில்லை; அச்சத்து இல்லாவிடில் உண்ட சுண்ணாம்புச் சத்து எலும்பிற் சேர்வதில்லை. ஆகாரமோ, 'சம்பா' எனப்படும் வறுத்த பார்லி மாவும், வெண்ணெயும் உப்பும் கலந்த தேநீரும். பெரியவர்களுக்கு அது நல்ல உணவுதான். குளிரைத் தாங்கும் வலிமை தருவது. ஆனால் பச்சைக் குழந்தைக்கு அதையே நீர்க்கக் கரைத்து ஊட்டினால் வயிறு நிறையும், உடல் வளராது. கீரையும் பழமும் அரிது. அங்குள்ள மண்ணிலும் நீரிலும் அயோடின், செலீனியம் ஆகிய சத்துக்களும் குறைவு. மூட்டுகள் பருத்துப் போகும் ஒருவகை எலும்பு நோய்க்கு அதுவும் ஒரு காரணம் என்று 1998ஆம் ஆண்டில் வெளியான மற்றோர் ஆய்வு காட்டிற்று. இவற்றில் எதுவுமே குலத்தின் குறையன்று. எல்லாம் கிண்ணத்தின் குறை, பராமரிப்பின் குறை.

மலைதான் குற்றவாளி என்றால், மலையை விட்டு இறங்கியதும் குழந்தைகள் தழைத்திருக்க வேண்டும். வரலாறு அதற்கும் ஒரு சோதனை வைத்தது.

1959ஆம் ஆண்டில் தலாய் லாமா அவர்கள் இந்தியாவுக்கு வந்து அடைக்கலம் புகுந்தார். அவரைத் தொடர்ந்து பல்லாயிரம் திபெத்தியர் எல்லை கடந்தனர். வந்தவர்களிற் பலருக்கு மலைப்பாதை போடும் வேலை கிடைத்தது. தாயும் தந்தையும் பாறை உடைக்க, பிள்ளைகள் பாதையோரத்துக் கூடாரங்களில் கிடந்தனர். புழுதி, வெப்பம், புதுத் தண்ணீர், கூட்ட நெருக்கடி, பார்த்துக்கொள்ள ஆளின்மை எல்லாம் சேர்ந்து அப்பிள்ளைகளை வாட்டின. 1960ஆம் ஆண்டு மே திங்கள் 17ஆம் நாள், ஜம்முப் பகுதிச் சாலை வேலை முகாம்களிலிருந்து 51 குழந்தைகள் நோயோடும் மெலிவோடும் தரம்சாலாவுக்குக் கொண்டுவரப்பட்டனர். தலாய் லாமா அவர்களின் தமக்கையார் சேரிங் டோல்மா அக்குழந்தைகளை ஏற்று வளர்க்க முன்வந்தார். 1964இல் அவர் காலமானபின் தங்கையார் ஜெட்சுன் பேமா அப்பணியைத் தொடர்ந்தார். அன்று 51 குழந்தைகளோடு தொடங்கிய அந்த இல்லமே பின்னர்த் திபெத்தியச் சிறுவர் கிராமம் என்ற பேரமைப்பாக வளர்ந்து, நம் மைசூர் மாவட்டத்துப் பைலகுப்பே வரையில் கிளை பரப்பியது.

பைலகுப்பே நமக்கு ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவில், மடிக்கேரி செல்லும் சாலையில், காவிரிக்கு இக்கரையில் உள்ளது. நம் இருப்புப்பாதை அவ்வளவு தூரம் இன்னும் போகவில்லை, பேருந்தில்தான் செல்லவேண்டும். விடுமுறை நாளில் பொற்கோயில் பார்க்க நம்மவர் பலர் சென்று வந்திருப்பீர்கள். அந்தக் கோயிலின் பளபளப்பைக் கண்டவர்கள் அந்த மண்ணின் பழைய நிலையையும் நினைத்துப் பார்க்க வேண்டும். 1960ஆம் ஆண்டின் இறுதியிலும் அடுத்த ஆண்டிலும் முதற் குடும்பங்கள் வந்திறங்கியபோது, அங்கிருந்தது மைசூர் அரசு ஒதுக்கித் தந்த ஏறத்தாழ 3000 ஏக்கர் காடு. காட்டை வெட்டித் தீயிட்டு நிலமாக்கினர். வெயில் தாங்காமலும் நோயாலும் யானைகளாலும் உயிரிழந்தோர் உண்டு. பார்லி விளையாத அம்மண்ணில் மக்காச்சோளம் பயிரிடக் கற்றனர். பனிநாட்டிலிருந்து வந்த உடம்புக்குத் தென்னாட்டுக் கோடையும், காசநோயும், வயிற்றுப்போக்கும் ஒருசேர வந்து வாய்த்தன.

இங்கே கவனியுங்கள்: அதே குலம், மலை மட்டும் இல்லை. ஆயினும் குழந்தைகள் வாடினர். அவர்களைக் காத்தது தாழ்வான பூமியன்று. பள்ளி, உணவு, மருத்துவமனை, அயராத கண்காணிப்பு ஆகிய நான்குமே. 1961இல் இந்திய அரசு திபெத்தியர் பள்ளிகளுக்கெனத் தனி நிருவாகமே அமைத்தது. குடியேற்றப் பணியில் துணைநிற்பதற்காக 1968இல் 'மைராடா' என்னும் தொண்டு நிறுவனம் தோன்றிற்று. காசநோய் அவர்களை இன்னும் விட்டபாடில்லை. ஆதலால் 2017 முதல் பள்ளிப் பிள்ளைகளை ஒருவர் விடாமல் சோதித்து, நோய் உள்ளவருக்குச் சிகிச்சையும், கிருமி மட்டும் தங்கியிருப்பவருக்குத் தடுப்பு மருந்தும் அளிக்கும் இயக்கத்தை நடத்தி வருகின்றனர். 'வம்சம் இப்படி' என்று சொல்லி அவர்கள் சும்மா இருந்துவிடவில்லை என்பதே இதில் நாம் கற்கவேண்டியது.

நிற்க. நம் மைசூருக்கும் குழந்தை உணவுக்கும் உள்ள உறவு, இங்கே குடியிருக்கும் நம்மவரிற் பலருக்குத் தெரிவதில்லை. செலுவாம்பா மாளிகையில் 1950ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தின் முதல் இயக்குநர் வி. சுப்பிரமணியன். எருமைப்பாலிலிருந்து குழந்தைகளுக்கான பால்மாவு தயாரிக்கும் முறை அந்த நிலையத்தில்தான் கண்டுபிடிக்கப்பட்டது. எண்ணெய் எடுத்த நிலக்கடலை மாவு மூன்று பங்கும் கடலைப் பருப்பு மாவு ஒரு பங்கும் கலந்து, உயிர்ச்சத்துக்களும் சுண்ணாம்புச் சத்தும் சேர்த்து, 'பலநோக்கு உணவு' என்றொரு மாவையும் அங்கே உருவாக்கினர். பிறகு 1980களின் தொடக்கத்தில், முளைகட்டிய கேழ்வரகும் பச்சைப் பயறும் கொண்டு சிசுக்களுக்கான உணவை ஆராய்ந்து வெளியிட்டனர். முளைகட்டிய தானியத்தின் மாவு காய்ச்சும்போது களியாக இறுகுவதில்லை. ஆதலால் அதே கிண்ணத்தில் மாவைக் கூடுதலாகப் போட்டுக் குழந்தைக்கு எளிதாய் ஊட்டலாம். சிறு வயிற்றுக்குள் பெருஞ்சத்தைப் புகுத்தும் சூட்சுமம் அதுவே. இங்குள்ள கன்னடத் தாய்மார் 'ராகி சரி' என்று காய்ச்சுவதும், நம் பாட்டிமார் கேழ்வரகை முளைகட்டிக் கூழ் காய்ச்சியதும் இந்தச் சூட்சுமம் அறிந்துதான் போலும்.

இதே வழியைச் சீன அரசும் பின்பற்றிற்று. 2012 முதல் அந்நாட்டின் வறிய மாவட்டங்களில் 6 மாதத்திலிருந்து 24 மாதம் வரையுள்ள குழந்தைகளுக்கு, இரும்புச் சத்தும் உயிர்ச்சத்துக்களும் சேர்த்த சோயா மாவுப் பொட்டலம் நாளொன்றுக்கு ஒன்றாக வழங்கப்படுகிறது. திபெத்துக் குழந்தைகளுக்கும் அது சென்று சேர்ந்தது. மைசூரில் நிலக்கடலையும் கடலைப் பருப்பும் செய்ய முயன்றதை அங்கே சோயா செய்கிறது.

'குட்டை உடம்பும் ஆரோக்கியமானதே' என்ற வாதம் ஒரு காலத்தில் அறிஞர்களிடையேயும் இருந்தது. அதை வன்மையாக மறுத்தவர் சேலத்தில் பிறந்த போஷாக்கு விஞ்ஞானி சி. கோபாலன். ஏழைக்கு ஓர் அளவுகோல், செல்வனுக்கு ஓர் அளவுகோல் என்பது நியாயமா என்று 1980களில் அவர் கேள்வி எழுப்பினார். பின்னர் உலக சுகாதார நிறுவனம் இந்தியா, பிரேசில், கானா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில் நன்கு பேணப்பட்ட குழந்தைகளை அளந்து பார்த்தது. தாய்ப்பாலும் நல்லுணவும் தூய்மையும் வாய்த்தபோது, ஐந்து வயது வரையில் எல்லா நாட்டுக் குழந்தைகளும் ஏறக்குறைய ஒன்றுபோலவே வளர்கின்றனர் என்று தெரிந்தது. 2006ஆம் ஆண்டில் வெளியான அந்த அளவுகளே இன்று நம் அங்கன்வாடி அட்டையில் இருப்பவை. நார்வே நாட்டுக் குழந்தைக்கும் நம் குழந்தைக்கும் ஒரே கோடுதான், அன்பர்களே!

இனி ஹெப்பாளுக்கு வருவோம். தொழிற்பேட்டைப் பக்கம் கட்டட வேலைக்கென வந்து குடியிருக்கும் தருமபுரிக் குடும்பம் ஒன்று நமக்குப் பழக்கம். அவர்களுடைய பெண் குழந்தைக்கு இருபத்திரண்டு மாதம் ஆகியும் நடை வரவில்லை. நம் இல்லத்தரசி விசாரித்தபோது அத்தாய், "எங்க வீட்டுப் பொம்பளைங்க எல்லாருமே குட்டைதான் அக்கா" என்றாள்.

"ஊரிலே உன் அண்ணன் பெண் இருக்கிறாளே, அவள் எப்படி?"

"அவ இவளைவிட அஞ்சு மாசம் சின்னவ அக்கா. ஓடிக்கிட்டு இருக்கா" என்று சொன்னவள், சொன்ன சொல் தன் செவியிலேயே விழுந்ததுபோல் பேச்சை நிறுத்திக்கொண்டாள். அதே வம்சம், அதே வீட்டுப் பெண்.

பிறகு ஒவ்வொன்றாய் வெளிவந்தது. வேலைக்குப் போகவேண்டியிருந்ததால் நான்காம் மாதத்திலேயே தாய்ப்பால் குறைந்துவிட்டது. கஞ்சித் தண்ணீரும், தேநீரில் தோய்த்த பிஸ்கோத்தும் ஆகாரமாயின. வேலையிடத்தில் புழுதிக்கும் வெயிலுக்கும் அஞ்சி நாள் முழுதும் தகரக் கொட்டகைக்குள்ளேயே கிடத்தியிருந்தனர். ஊரிலிருந்து கொண்டுவந்த தடுப்பூசி அட்டை பெட்டிக்கு அடியில் கிடந்தது. இரண்டு ஊசிகள் தவறியிருந்தன. எண்ணிப் பாருங்கள்: தேநீரும் மாவும், வெயில் காணாத மேனியும், வேலையிடத்துக் கூடாரமும். திபெத்துச் சிற்றூரின் கதையும் ஜம்முச் சாலையோரத்தின் கதையும் இங்கே ஒரே கொட்டகைக்குள் வந்துவிட்டன.

அங்கன்வாடியில் மேற்கையைச் சுற்றி அளந்தபோது 12 சென்டிமீட்டர் இருந்தது. நாடாவில் அது மஞ்சள் பகுதி. அவ்வூழியை அம்மையார் அட்டை எழுதி, மருத்துவமனைக்கும் அனுப்பி வைத்தார். மூன்று திங்களில் எடை ஏறிற்று. சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கலானாள். உயரம் இன்னும் குறைவாகத்தான் இருக்கிறது. இரண்டு வயதுக்குள் இழந்த உயரத்தை முழுவதும் மீட்பது அரிது என்றே மருத்துவர்கள் கூறுகின்றனர். ஆகையால்தான் நாளை பார்த்துக்கொள்ளலாம் என்று இராமல் இன்றே பாருங்கள் என்கிறோம்.

செய்யவேண்டியவை மிகப் பெரியவை அல்ல. ஆறு மாதம் நிறையும்வரை தாய்ப்பால் மட்டும், தண்ணீரும் வேண்டியதில்லை. அதன்பின் தாய்ப்பாலோடு கட்டியான உணவு. ஒன்பது மாதத்துக்கு மேல் நாளொன்றுக்கு மூன்று நான்கு வேளை. முளைகட்டி உலர்த்திய கேழ்வரகு, வறுத்த பச்சைப் பயறு, பொட்டுக்கடலை ஆகியவற்றை அரைத்து வைத்துக்கொண்டால் கடைப் பொட்டலம் தேவையில்லை. 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 340 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. நிலக்கடலை சேர்ப்பவர்கள் பூஞ்சை பிடித்ததையும் சுருங்கியதையும் பொறுக்கி எறிந்துவிட வேண்டும். ஒரு கரண்டி எண்ணெயோ நெய்யோ, கொஞ்சம் மசித்த கீரையோ பழமோ, உண்பவர்களாயின் ஒரு முட்டையோ சேருங்கள். தேநீரைக் குழந்தையின் வாயருகே கொண்டுபோகாதீர்கள். அது உணவிலுள்ள இரும்புச் சத்தை உடலில் சேரவிடாது. நாள்தோறும் சிறிது நேரம் இளவெயில் மேனியிற் படட்டும். வயிற்றுப்போக்குக் கண்டால் உணவை நிறுத்தாமல், உப்புச் சர்க்கரைக் கரைசற் பொட்டலத்தைக் காய்ச்சி ஆறிய நீரில் கரைத்துக் கொடுத்து, மருத்துவரிடம் காட்டுங்கள்.

எல்லாவற்றிலும் முதன்மையானது அளப்பது. எங்கள் அலுவலகத்தில் எடை போடாத சரக்கை எந்தக் குமாஸ்தாவும் பதிவேட்டில் ஏற்றுவதில்லை. கண்ணால் பார்த்து இத்தனை கிலோ என்று எழுதினால் வேலை போய்விடும். சரக்குக்குக் காட்டும் அந்தக் கண்டிப்பைப் பிள்ளைக்குக் காட்டக்கூடாதா? இரண்டு வயது நிறையும் குழந்தை சராசரியாக 87 சென்டிமீட்டர் இருக்கும். 80க்கும் கீழே இருந்தால் 'வம்சம்' என்று சமாதானம் கொள்ளாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை மேற்கைச் சுற்றளவு 12.5 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் கவனம் வேண்டும், 11.5க்குக் குறைந்தால் ஒருநாளும் தாமதம் கூடாது. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் உரிய அரசினர் செலுவாம்பா மருத்துவமனை நம் நகரிலேயே இருக்கிறது.

வந்து குடியேறியவர்களாகிய நமக்கென்று தனியாக ஒரு சொல். ஊர் மாறும்போது பாத்திரம் பண்டம், பாய் தலையணை எல்லாம் ஏறுகின்றன. பிள்ளையின் அட்டை மட்டும் தங்கிவிடுகிறது. தமிழ்நாட்டில் பிக்மி எண் பெற்ற தாய்மார் அதை எழுதி வைத்துக்கொண்டு, இங்கே வந்ததும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டித் தாயி அட்டை பெற்றுக்கொள்ளுங்கள். நம்மூரில் பால்வாடி என்பதுதான் இங்கே அங்கன்வாடி. "நாங்கள் தமிழ்க்காரர்கள், எங்களுக்குத் தருவார்களா?" என்று தயங்க வேண்டாம். 1975ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள், கர்நாடகத்தில் இத்திட்டம் முதன்முதலாகத் தொடங்கப்பட்டதே நம் மாவட்டத்துத் திருமகூடலு நரசீபுரத்தில்தான். 2021 முதல் அங்கன்வாடிப் பதிவுகள் நாடு முழுவதும் கைபேசி வழியே எழுதப்படுவதால், ஓர் ஊரில் பதிந்த குழந்தையை மற்றோர் ஊருக்கு மாற்றிக்கொள்ளவும் வசதி உண்டு. கன்னடம் தெரியாத தாய்மார் தயங்கினால், தெரிந்த ஒருவர் உடன்செல்லுங்கள். சங்கம் என்று நாம் கூடியிருப்பது பொங்கலுக்கும் ஆண்டு விழாவுக்கும் மட்டுமன்று.

ஐம்பத்தொரு குழந்தைகளை ஏற்றுக்கொண்ட அந்த அம்மையாருக்கு அன்று சொந்த நாடு இல்லை. நமக்கு நாடும் இருக்கிறது. நாற்பது அடி தூரத்தில் அங்கன்வாடியும் இருக்கிறது. இந்த இதழை மடித்து வைப்பதற்கு முன், உங்கள் வீட்டுச் சிறுவரைச் சுவரோரம் நிறுத்தித் தலைக்கு மேல் ஒரு கோடு கிழித்து, தேதியும் எழுதுங்கள். மூன்று திங்கள் கழித்து அடுத்த கோடு எங்கே விழுகிறதென்று பாருங்கள். கோடு உயரவில்லையானால் பாட்டன் பாட்டியைக் குறை சொல்லாமல், அடுக்களையையும் அட்டையையும் பாருங்கள்.